செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை) ரிப்போர்ட்: சாம்பிளை ஐஸ் பெட்டியில் கொண்டுபோனது தப்பா?

#1 மலையோரம்33

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கிண்டல் செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கணும்.

வயது 33. ஊர் அருமனைப் பக்கம். சவுதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். ஆனால் நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்த நாளைக் கூட்டினால் மூன்று மாதம்கூடத் தேறாது. இந்தத் தடவை அறுபது நாள் லீவு. வந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டார்கள். 'விசேஷம் ஒன்றும் இல்லையா' என்று கேட்காத ஆள் இல்லை. கேட்பது என்னிடம், பார்ப்பது அவள் வயிற்றை. சரி, முதலில் நானே டெஸ்ட் எடுத்துவிடுகிறேன் என்று மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் கொடுத்தேன்.

ரிப்போர்ட் இது: அளவு 2.1 மி.லி. கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை) ஒரு மி.லி.க்கு 9 மில்லியன். மோட்டிலிட்டி (ஓடுகிற அணுக்கள்) மொத்தம் 22 சதவீதம். நார்மல் ஃபார்ம் (சரியான வடிவம் உள்ளவை) 3 சதவீதம். அப்படியென்றால் நூற்றுக்கு 97 கோளாறு!

அந்த ரிப்போர்ட்டோடு ஒரு சென்டருக்குப் போனோம். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) பேக்கேஜ் விலை அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மனதில் ஓடுகிறது. சாம்பிளை வீட்டில்தான் எடுத்தேன். கெட்டுப்போகக் கூடாதே என்று, மீன் வாங்கப் போகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் டப்பாவை வைத்துக் கொண்டுபோனேன். மேம்பாலத்துக்குக் கீழே டிராஃபிக், லேபில் வரிசை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இதில் ஏதாவது பிரச்சினை உண்டா?

#2 வடசேரிஜிம்

ஐஸ் பெட்டியிலா? மக்கா, அது என்ன சாளையா?

#3 கோட்டாறுலேப்

சிரிக்காதீர்கள். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பத்திரமாகக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தப்பு இல்லை. டப்பாவைக் கொடுக்கும்போது எப்படிக் கொண்டுவரணும் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்கிறவருக்கு வெட்கம், சொல்கிறவருக்கும் வெட்கம்.

தம்பி, மீன் செத்தது. அது அழுகாமல் இருக்கத்தான் ஐஸ். விந்தணு உயிரோடு இருப்பது. அது ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட்டே. குளிரில் வாலின் அசைவு மந்தமாகும், மேல் சவ்வும் அடிபடும். பன்றி விந்தணு மாதிரி மனித விந்தணு குளிரில் ஒரேயடியாக நொறுங்கிவிடாது, உண்மைதான். ஆனாலும் உங்கள் 22 சதவீதத்தை நான் நம்ப மாட்டேன்.

முறை என்னவென்றால், லேபிலேயே தனி அறையில் எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்து, அரை மணிக்குள் வந்து சேரணும். மிஞ்சிப்போனால் ஒரு மணி. வந்ததும் நாங்கள் உடனே பார்க்க மாட்டோம். வெளிவந்த நிமிஷத்தில் விந்து கட்டியாகிவிடும். கால் மணி, அரை மணியில் தானாக இளகும். இளகிய பிறகுதான் ஸ்லைடு. அதற்கும் மேலே போகப்போக, ஓடுகிற அணுக்கள் ஒவ்வொன்றாக நிற்கும். ஒன்றே முக்கால் மணி, அதுவும் ஐஸில் என்றால், பாதியில் படுத்துவிட்ட ஓட்டக்காரர்களை எண்ணி ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் நாலு கேள்வி. டெஸ்ட்டுக்கு முன் எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? முழுவதும் டப்பாவில் விழுந்ததா, முதல் பகுதி வெளியே போனதா? முதல் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் கவுண்ட் பாதியாகிவிடும். மாத்திரை, ஊசி ஏதாவது? கடைசி மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா?

#4 மலையோரம்33

இடைவெளி மூன்று நாள். முழுவதும் டப்பாவில்தான். மாத்திரை இப்போது ஒன்றும் இல்லை. காய்ச்சல்... அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டெஸ்ட்டுக்கு ஐந்து வாரம் முன்னால் தம்மாமில் டைபாய்டு. பத்து நாள் படுக்கை, 103 டிகிரி வரை போனது. ஆனால் அது முழுசாகச் சரியாகித்தானே ஊருக்கு வந்தேன்? இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

#5 தக்கலைவிலங்கியல்

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவன். நடத்தினேன் என்பதைவிட, 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப்போனேன் என்பதுதான் நிஜம். அந்தப் பாவத்தை இங்கே கழிக்கிறேன்.

சம்பந்தம் நிறைய உண்டு. இன்றைக்கு வெளிவரும் விந்தணு இன்றைக்குப் பிறந்ததில்லை. விந்தகத்துக்குள் நூல்கண்டு மாதிரி சுருண்டுகிடக்கும் நுண்குழல்கள் உண்டு. அவற்றின் சுவரோரம் தாய்செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு தாய்செல் பிரிந்து, குரோமோசோம் 46-இலிருந்து 23 ஆகப் பாதியாகி, உருண்டையான சின்னச் செல்லாகி, அப்புறம் வால் முளைத்து விந்தணுவாக, 64 முதல் 74 நாள் ஆகும். அதோடு முடியவில்லை. எபிடிடைமிஸ் என்று விந்தகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு குழாய். பிரித்து நீட்டினால் 6 மீட்டர். அதைக் கடக்க இரண்டு வாரம் வரை போகும். விந்தகத்தை விட்டு வரும்போது அணுவுக்கு வால் உண்டு, நீந்தத் தெரியாது. அந்த 6 மீட்டரில்தான் கற்றுக்கொள்கிறது. ஆக, ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கு.

இந்த வேலை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான இடத்தில்தான் ஒழுங்காக நடக்கும். விரைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவது அதற்காகத்தான். குளிரில் மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியைச் சுற்றி, திரும்பி வரும் சிரைகள் கொடி மாதிரி பின்னிக்கிடக்கின்றன. உள்ளே போகும் சூடான ரத்தம், வெளியே வரும் குளிர்ந்த ரத்தத்திடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். நீங்கள் ஏசி மெக்கானிக், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

103 டிகிரி காய்ச்சலில் இந்த ஏற்பாடு எல்லாம் என்ன செய்யும்? மொத்த உடம்பும் கொதிக்கிறது. பாதிவழியில் பிரிந்துகொண்டிருந்த செல்களும் வால் முளைக்காத செல்களும் அதில் அதிகம் அடிபடும். முழுசாக வளர்ந்து வரிசையில் நின்றவை ஓரளவு தப்பிக்கும். அதனால் காய்ச்சல் வந்த வாரமே கவுண்ட் குறையாது. சில வாரம் கழித்துத்தான் குறையும். உங்களுக்கு ஐந்தாவது வாரம். சரியாகப் பள்ளத்தில் போய் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள். தாய்செல்கள் பத்திரமாக இருந்தால் வரிசை மறுபடி நிரம்பும். அதற்கும் அதே மூன்று மாதம் வேண்டும்.

#6 கோட்டாறுலேப்

சார் சொன்னதுதான். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரவே கூடாது. நான் இருந்த லேபில் ஒரே ஆளுக்கு ஒரு மாதம் 40 மில்லியனும் இன்னொரு மாதம் 18 மில்லியனும் வந்திருக்கிறது, இரண்டையும் எண்ணியது நான்தான்.

அப்புறம் அந்த 3 சதவீதம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தலையில் கைவைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் போட்ட கையேட்டில் நார்மல் வடிவத்துக்குக் கீழ் எல்லை எவ்வளவு தெரியுமா? 4 சதவீதம். பிள்ளை பெற்ற அப்பாக்களிலேயே நூற்றுக்கு 96 அணு கோணல்மாணலாக இருக்கலாம் என்று அர்த்தம். தலை ஓவலாக, 4, 5 மைக்ரான் நீளத்தில், கழுத்து நேராக, வால் ஒடியாமல் என்று கண்டிப்பான அளவுகோல் வைத்து, சாயம் போட்டு, இருநூறு அணுவை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கொஞ்சம் தலை வீங்கினாலும் ஃபெயில். உங்கள் 3-க்கும் அந்த 4-க்கும் நடுவில் இருப்பது பார்க்கிறவர் கண் வித்தியாசம்கூட இருக்கலாம்.

மற்றவை: அளவு 1.4 மி.லி., கவுண்ட் மி.லி.க்கு 16 மில்லியன், மொத்த மோட்டிலிட்டி 42 சதவீதம், முன்னோக்கி ஓடுவது 30 சதவீதம். இதை பாஸ் மார்க் என்று நினைக்க வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையில் நிறுத்தினால், அதில் கடைசி ஐந்து சதவீதத்தினர் தொடங்கும் இடம் அது. அதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் அந்த வரிசையிலேயே இருக்கிறார்கள்.

#7 தூத்தூர்கடல்

நம்ம பக்கம் எல்லாம் ஆழ்கடல் தொழில். போனால் முப்பது, நாற்பது நாள். இத்தனை நாள் விந்து சேர்ந்து கிடப்பதால் கரைக்கு வந்த அன்றைக்கு நல்ல பலம் இருக்கும் என்று போட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? கேலிக்குக் கேட்கவில்லை. எனக்கும் இதே கதைதான், மூன்று வருஷம்.

#8 கோட்டாறுலேப்

பாதி உண்மை. அளவும் கவுண்டும் கூடும். ஆனால் எபிடிடைமிஸின் வால்பக்கம் சேர்ந்து கிடப்பதில் பழையவை அதிகம், செத்தவையும் இருக்கும், ஓட்டம் குறையும். வெளியே போகாததை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்ளும். டெஸ்ட்டுக்கு 2 நாளுக்குக் குறையாமல் 7 நாளுக்கு மிஞ்சாமல் என்பது இதனால்தான். கரைக்கு வந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டாம், மூன்றாம் தடவையில் புதுச் சரக்கு வந்துவிடும். வேறென்ன சொல்ல.

#9 குமரிமூலிகை

இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் இப்படித்தான் நாள்கணக்கு சொல்லிக் குழப்புவார்கள். சித்தர்கள் ஏழு தாதுவில் கடைசி என்று சுக்கிலத்தை வைத்தார்கள். சாப்பாடு சாரமாகி, ரத்தமாகி, ஊனாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மூளையாகிக் கடைசியில்தான் சுக்கிலம். நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து. விந்து விட்டான் நொந்து கெட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். பூனைக்காலி, அமுக்கரா, நெருஞ்சில் மூன்றையும் பாலில் போட்டு ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதெல்லாம் உடம்பைக் கெடுக்கும்.

#10 தக்கலைவிலங்கியல்

ஏழாவது தாது, கடைசியில்தான் உருவாகும் என்பது வரை எனக்குச் சண்டை இல்லை. விந்தணு நாள்பட்டுத்தான் உருவாகிறது என்று அவர்களும் ஏதோ வகையில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்பது சொட்டுக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. எத்தனை பையன்கள் அந்த ஒரு வரியால் தூக்கம் கெட்டு, ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெளிவரும் திரவத்தில் விந்தணு சில சதவீதம்தான். முக்கால்வாசிக்குப் பக்கம் விந்துப்பையின் நீர், அதில் ஃபிரக்டோஸ் சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியின் நீர், அதில் துத்தநாகமும் சிட்ரிக் அமிலமும். ரத்தம் வற்றிப்போகிற அளவுக்கு அங்கே ஒன்றும் செலவாகவில்லை. உற்பத்தியோ நின்றபாடில்லை. நெஞ்சு ஒருதடவை துடிக்கிற நேரத்தில் ஆயிரம் அணு அளவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

மூலிகை சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். படித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். கோட்டாறிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. அந்த ஒரு மண்டலம் 48 நாள், அதோடு காய்ச்சல் போன ஐந்து வாரத்தையும் கூட்டுங்கள். மூன்று மாதம் ஆகிவிடுகிறது. கவுண்ட் தானாக ஏறும், பேர் பூனைக்காலிக்குப் போகும்.

#11 குமரிமூலிகை

சார் வாத்தியார் என்பதால் விடுகிறேன்.

#12 தோவாளைபூக்காரி

ஒரு சந்தேகம், பொம்பளை கேட்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கேனைத் திறந்தால் புகையாக வருகிறது. அதற்குள்ளிருந்துதான் குச்சி மாதிரி எடுக்கிறார். அது ஐஸைவிடக் குளிர் அல்லவா? அதில் உயிரோடு இருப்பது இவருடைய ஐஸ் பெட்டியில் ஏன் படுத்தது?

#13 கோட்டாறுலேப்

அக்கா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

#14 தக்கலைவிலங்கியல்

ஆமாம், அருமையான கேள்வி. அந்தக் கேனில் இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. விந்தணுவைக் கொல்வது குளிர் மட்டுமல்ல, குளிரும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைவது. அந்த ஊசிகள் சவ்வைக் கிழிக்கும். தண்ணீரை ஊசியாக உறையவிடாமல் செய்ய ஒரு பொருள் வேண்டும். 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் அதைக் கண்டுபிடித்தார்கள்: கிளிசரின். நம்ம வீட்டில் உதட்டு வெடிப்புக்குத் தடவுவோமே, அதேதான். அவர்கள் சேவல் விந்தணுவைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு பாட்டிலில் மட்டும் அணுக்கள் பிழைத்துக்கொண்டன. தேடிப் பார்த்தால், லேபிள் மாறி, அதில் சர்க்கரைக்குப் பதில் கிளிசரின் இருந்திருக்கிறது என்று சொல்வார்கள். 1953-இல் உறைந்த விந்தணுவில் மனிதக் கரு உண்டானதை அமெரிக்காவில் பங்கி, ஷெர்மன் என்ற இருவர் அறிவித்தார்கள்.

மைனஸ் 196-இல் வேதிவினை எல்லாம் நின்றுபோகும். உயிர் தூங்குகிறது, கெடுவதற்கு அங்கே ஒன்றும் நடப்பதில்லை. ஐஸ் பெட்டி உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் நடுவில் இருக்கிறது. அணு தூங்கவும் முடியாது, ஓடவும் முடியாது, கிளிசரினும் இல்லை.

இன்னொன்று பார்த்திருப்பீர்கள். ஊசி போடுகிறவர் குச்சியை எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் முக்குவார். எங்கள் வீட்டில் என் அம்மா டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்க, அவர் விரலை விட்டுப் பார்த்து, 'ஆறட்டும் அம்மா' என்று திண்ணையில் வைப்பார். கையில் தொட்டால் சுடாத, 37 டிகிரி பக்கம் வரணும். அந்தக் கால் மி.லி. குச்சிக்குள் இரண்டு கோடி அணு தூங்கிக்கொண்டிருக்கும்.

#15 வடசேரிஜிம்

சாளை ஜோக்குக்கு மன்னிக்கணும் மக்கா. எனக்கும் ஒரு கேள்வி. ஜிம்மில் மாஸ்டர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். ஆண் ஹார்மோன்தானே, போட்டால் கவுண்ட் கூடும்தானே?

#16 கோட்டாறுலேப்

குறையும். பூஜ்யம் வரை போகும். எண்ணிப் பார்த்தவன் சொல்கிறேன்.

விந்தகத்துக்குள் லீடிக் செல் என்று உண்டு, அது அங்கேயே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். உள்ளே இருக்கும் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அந்த அளவு இருந்தால்தான் விந்தணு உருவாகும். நீங்கள் வெளியிலிருந்து ஊசி போட்டதும் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி 'ரத்தத்தில் நிறைய இருக்கிறதே' என்று ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிடும். லீடிக் செல் கடையைச் சாத்தும். கை பெருக்கும், விந்தகம் சுருங்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும், ஆனால் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். உங்கள் மாஸ்டரை முதலில் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

#17 மட்டுறுத்துநர்

ஊசி எங்கே கிடைக்கும் என்று எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தனிச்செய்தியிலும் வேண்டாம்.

#18 கருங்கல்நர்ஸ்

எல்லோரும் அணுவின் வாலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி எழுதியதில் முக்கியமான வரி வேறு. இரண்டு வருஷத்தில் மூன்று மாதம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை என்கிறாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா?

குழந்தையின்மை என்று டாக்டர்கள் சொல்வது ஒரு வருஷம் தடுப்பு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் தங்காவிட்டால்தான். உங்களுக்கு அந்த ஒரு வருஷமே இன்னும் ஆகவில்லை. அந்த மூன்று மாதத்திலும் கல்யாண விருந்து, கோயில், கொடை, சொந்தக்காரர் வீடு என்று எத்தனை நாள் போயிருக்கும்? இதற்குப் போய் பேக்கேஜ் அட்டை நீட்டியவர்களை என்ன சொல்ல.

ஒரு மாதத்தில் கரு நிற்கக்கூடிய நாள் ஆறுதான். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 1995-இல் ஆலன் வில்காக்ஸ் என்பவர் நூற்றுக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னது இது. முட்டைக்கு ஆயுசு ஒரு நாள், அதுவும் முழுசாக இல்லை. விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை இருக்கும். அதனால்தான் முட்டை வந்த பிறகு ஓடுவதைவிட, அது வருவதற்கு முன்பே காத்திருக்க வைப்பது நல்லது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அடுத்த தேதிக்குச் சுமார் பதினாலு நாள் முன்னால் முட்டை வரும். அந்த வாரத்துக்கு முன்னிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள். அவ்வளவுதான்.

இந்த 'ஐந்து நாள்' எங்கே என்பதும் முக்கியம். பெண்ணுறுப்பின் உள்ளே அமிலம், கிருமி வராமல் இருக்க. பி.எச். 4 பக்கம். அங்கேயே தங்கிப்போனவை சில மணி நேரத்தில் செத்துவிடும். விந்து கொஞ்சம் காரம், அதுதான் முதல் நிமிஷங்களில் கவசம். கருப்பை வாயில் இருக்கும் சளி அந்த ஆறு நாள் மட்டும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீண்டு தெளிவாக இருக்கும், அதற்குள் புகுந்தவைதான் பிழைக்கும். மற்ற நாளில் அது கெட்டி, கதவு சாத்திக் கிடக்கும். துணியில், தரையில் விழுந்தவை காய்ந்ததும் கதை முடிந்தது. பாத்ரூம் வாளியில் கரு நிற்கும் என்று பயந்து ஓபிக்கு வந்த பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. அவளைப் பார்க்கிறார்கள் என்பதற்காக முதலில் நீங்கள் டெஸ்ட் எடுத்தீர்களே, என் சர்வீஸில் இப்படிச் செய்த ஆண்களை விரல்விட்டு எண்ணலாம். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். ஆனால் இங்கே பெண்ணுக்கு மூன்று ஸ்கேன் எடுத்த பிறகுதான் புருஷனை ஒரு டப்பாவில் கேட்பார்கள்.

#19 தூத்தூர்கடல்

அக்கா, அப்படியென்றால் நான் கடலில் இருக்கும்போதே அந்த ஆறு நாள் போய்விடுகிறது. மூன்று வருஷத்தில் எத்தனை தடவை ஒத்துவந்திருக்கும் என்று காலண்டரை வைத்துப் பார்க்கணும்.

#20 கருங்கல்நர்ஸ்

பாருங்கள் தம்பி. கூடவே ஒரு டெஸ்ட்டும் எடுங்கள், மூன்று வருஷம் ஆகிவிட்டதல்லவா. எழுந்து நிற்கும்போது விரைப்பையின் இடது பக்கம் புழுக்கூட்டம் மாதிரி ரத்தக்குழாய் தடிப்பாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வெரிகோசீல். விந்தணுக் குறைவு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கும், சரிசெய்யவும் வழி உண்டு.

#21 கோட்டாறுலேப்

ஓட்டம் பற்றி ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஓடாதது எல்லாம் செத்தது இல்லை. ஈயோசின் என்று ஒரு சிவப்புச் சாயம். ஒரு சொட்டு விந்தோடு ஒரு சொட்டு கலந்து ஸ்லைடில் இழுத்துப் பார்த்தால், செத்ததின் சவ்வு ஓட்டை, சாயம் உள்ளே போய்த் தலை ரோஸ் ஆகிவிடும். உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும். ஒருதடவை ஒரு இளைஞருடைய ஸ்லைடில் ஒன்றுகூட அசையவில்லை. சாயம் போட்டால் பெரும்பாலும் வெள்ளை! எல்லாம் உயிரோடு நிற்கின்றன. வாலுக்குள் நடுவில் இரண்டு நுண்குழல், சுற்றி ஒன்பது ஜோடி என்று கயிறு மாதிரி ஓடும், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் வால் வளையும். பிறவியிலேயே அந்த மோட்டார் இல்லாவிட்டால் இப்படி ஆகும். சின்ன வயதிலிருந்து சளியா என்று கேட்டேன். 'எப்போதும் சைனஸ்' என்றார். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களிலும் அதே மோட்டார்தான். 1976-இல் அஃப்செலியஸ் என்ற ஸ்வீடன்காரர் இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டார். இப்படிப்பட்டவர்களுக்கும் இக்சி முறையில், ஊசியால் ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தி, வழி இருக்கிறது. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் இருந்து வந்த முறை.

ஆக, ஐவிஎஃப்பை நான் குறை சொல்லவில்லை. ஐஸ் பெட்டி ரிப்போர்ட்டை வைத்து அதைச் சொன்னதைத்தான் குறை சொல்கிறேன்.

#22 தக்கலைவிலங்கியல்

ஓட்டம் என்றதும் ஒரு சின்ன விலகல். 'கோடிப் பேரில் முதலாவதாக ஓடி வந்தவன் நீ' என்று மேடையில் பேசுவார்களே, அது சரியில்லை. உள்ளே போன உடனே எந்த விந்தணுவாலும் முட்டையைத் துளைக்க முடியாது. பெண்ணின் உடலுக்குள் பல மணி நேரம் ஊறி, தலையின் மேல்பூச்சு கழன்று பக்குவப்படணும். 1951-இல் சாங் என்பவரும் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டது. முந்தி வந்தவன் பக்குவம் இல்லாமல் வாசலில் நிற்பான். கோடிக்கணக்கில் கிளம்பி, கருமுட்டைக் குழாய்வரை வருவது சில நூறு. அங்கேயும் கருப்பை தசை இழுத்துவிட்டதால் பாதி வழி சும்மா வந்தவர்கள்தான்.

அந்தத் தலையில் இருப்பது என்ன? முன்பக்கம் ஒரு தொப்பி, அக்ரோசோம், முட்டையின் மேலுறையைக் கரைக்கும் நொதிப்பை. தொப்பிக்கு அடியில் டி.என்.ஏ. மற்ற செல்களில் ஹிஸ்டோன் உருளைகளில் தளர்வாகச் சுற்றிக்கிடப்பது இங்கே புரோட்டமின் என்ற புரதத்தால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். வளரும்போதே சாப்பாட்டு மூட்டையான சைட்டோபிளாசத்தைக் கழற்றி வீசிவிடும், பக்கத்தில் நிற்கும் செர்டோலி செல் அதை விழுங்கிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே மைட்டோகாண்ட்ரியா சுருள், அப்புறம் வால். தலையிலிருந்து வால்நுனிவரை 55 மைக்ரான் சொச்சம். தபால்காரன் பையைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடுகிற மாதிரி. அதனால்தான் அடிபட்டால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள அதனிடம் சரக்கு இல்லை.

கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் சிப்பி வாங்குகிறவர்கள் ஒன்று பாருங்கள். திறந்தால் சிலதில் சதை செங்கல் நிறம், சிலதில் பால் வெள்ளை. செங்கல் நிறம் பெண், வெள்ளை ஆண். பருவத்தில் ஆண் சிப்பி அந்த வெள்ளையைக் கடலிலேயே விட்டுவிடும், முட்டையோடு சேர்வது அலைபாடு. நம் ஆட்களுக்குக் கடல் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ ஆகாது, உப்பின் அளவு மாறிய உடனே ஓட்டம் படுத்துவிடும். சிப்பிப் பொரியல் சாப்பிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ.

#23 வடசேரிஜிம்

சார்!! நேற்றுத்தான் சாப்பிட்டேன்.

#24 மலையோரம்33

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோட்டாறு அண்ணாச்சி சொன்னபடி நாகர்கோவிலில் வேறு லேபில், அங்கேயே அறையில் கொடுத்தேன். டப்பா கைமாறி மேசைக்குப் போக ஐந்து நிமிஷம்கூட இல்லை.

கவுண்ட் 10 மில்லியன். கிட்டத்தட்ட அதே. மோட்டிலிட்டி 41. நார்மல் ஃபார்ம் 4.

#25 கோட்டாறுலேப்

பார்த்தீர்களா. 22 இருந்தது 41 ஆனது ஐஸ் பெட்டி போனதால். கவுண்ட் ஏறாதது டைபாய்டால், காய்ச்சலிலிருந்து இன்னும் எட்டு வாரம்தானே ஆகிறது? இன்னும் ஒன்றரை மாதம் கழித்து எடுங்கள். அப்போதும் குறைந்தால் யூராலஜி டாக்டரைப் பார்த்து, ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன் என்று வரிசையாகப் போகலாம்.

#26 மலையோரம்33

அப்போது நான் தம்மாமில் இருப்பேன் அண்ணாச்சி. அங்கேயே எடுத்து இங்கே போடுகிறேன்.

#27 கருங்கல்நர்ஸ்

லீவு முடிய இன்னும் எத்தனை நாள்? அவளுடைய தேதியைக் கேட்டுக் கணக்குப் பார்த்தீர்களா? ஊருக்கு அடிக்கடி வர முடியாது என்றால், போவதற்கு முன் விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாமா என்று இரண்டு பேருமாகப் போய் டாக்டரிடம் கேளுங்கள். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டப்படி பதிவு செய்த இடமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அட்டை நீட்டிய இடத்துக்கு வேண்டாம்.

#28 மலையோரம்33

இன்னும் பத்தொன்பது நாள். தேதி பார்த்தாயிற்று அக்கா, அவளே காலண்டரில் பென்சிலால் ஆறு புள்ளி வைத்திருக்கிறாள். நடுவில் ஒரு கல்யாண வீடு வருகிறது, போகவில்லை என்று சொல்லிவிட்டோம்.

ஐஸ் பெட்டியைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி மொட்டைமாடியில் காயவைத்தேன். அம்மா அதில்தான் இன்றைக்குச் சாளை வாங்கி வந்தாள். 'எதுக்குலே இதைப் போய் இவ்வளவு தேய்ச்ச' என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அடுக்களையில் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

#29 வடசேரிஜிம்

யார், அம்மாவா?

#30 மலையோரம்33

லேய்.